"ஹோடி!" என்று கேட்ட பிறகு...

கென்யா மலைச்சரிவில் ஒரு பள்ளிக்கூடத்தின் விழாவும் தொண்டும்

கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் நேரே கதவண்டை போய்விடுவதில்லை. வாசலில் சற்றுத் தள்ளி நின்று, "ஹோடி!" என்று குரல் கொடுக்கிறார். ஸ்வாஹிலி மொழியில் "உள்ளே வரலாமா?" என்று அதற்குப் பொருள். உள்ளேயிருந்து "கரிபு!" என்று பதில் வர வேண்டும். "வாருங்கள்" என்று அர்த்தம். அதன் பிறகே படி ஏறலாம். பதில் வராவிட்டால் மறுபடியும் கூப்பிடலாம். அப்போதும் பதிலில்லை என்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நம் கிராமங்களில் "வீட்டிலே யாருங்க?" என்று திண்ணையோரம் நின்று கேட்பதில்லையா? அதே மரியாதைதான்.

கென்யா நாட்டின் மலைச்சரிவு ஒன்றில், பல தேசத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட பள்ளிகளில் விழாவுக்கும் குறைவில்லை, தொண்டுக்கும் குறைவில்லை. ஆனால் பிறர் வாசலில் "ஹோடி" சொல்லாமல் நுழைந்துவிட்டால், எவ்வளவு நல்ல தொண்டும் தொல்லையாகிவிடும். ஏற்பாட்டுப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பாடப் புத்தகத்தில் இல்லாத பரீட்சை இதுதான்.

காற்று வீசும் இடம்

நைரோபியிலிருந்து வடமேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பயணம் செய்தால் கிஜாபே என்ற ஊர் வரும். மாசாய் மக்களின் மொழியில் "காற்று வீசும் இடம்" என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பெயர் பொய்யல்ல! 7,000 அடிக்கு மேற்பட்ட உயரம். பூமத்திய ரேகைக்கு வெகு அருகில் இருந்தும், மாலை வந்தால் கம்பளிச் சட்டையைத் தேட வேண்டியிருக்கும். கீழே, உலகப் பிரசித்தி பெற்ற ரிஃப்ட் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. எதிரே லாங்கனாட் எரிமலை. கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கில் நின்று கீழே சமவெளியைப் பார்த்தவர்கள் இந்தக் காட்சியை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

கொடைக்கானலை நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்னிந்தியாவில் ஊழியம் செய்துவந்த அமெரிக்க மிஷனரிகள், தங்கள் பிள்ளைகள் படிப்பதற்காக 1901-ல் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அது பிற்காலத்தில் சர்வதேசப் பள்ளியாக வளர்ந்தது. அதே தேவைக்காகக் கென்யாவில் 1906-ல் தோன்றியதுதான் கிஜாபேயிலுள்ள 'ரிஃப்ட் வேலி அகாடமி'. 'ஆப்பிரிக்கா இன்லண்ட் மிஷன்' என்ற அமைப்பு அதை நிறுவியது.

ஆரம்ப நாட்களிலேயே ஒரு பெரிய வைபவம் நடந்தது. அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட், வேட்டைக்காக ஆப்பிரிக்கா வந்திருந்தார். 1909 ஆகஸ்டு 4-ந் தேதி அவரே கிஜாபேக்கு வந்து பள்ளிக் கட்டடத்துக்கு மூலைக்கல் நாட்டினார். 'கியாம்போகோ' என்பது அந்தக் கட்டடத்தின் பெயர். காட்டெருமைகளின் இடம் என்று பொருள். கட்டடம் இன்றும் நிற்கிறது.

நெடுங்காலம் வரை வெள்ளைக்கார மிஷனரிகளின் பிள்ளைகளுக்கே அங்கே இடம் இருந்தது. பிறகு காலம் மாறியது. ஆப்பிரிக்கப் பிள்ளைகளும், கொரியா போன்ற ஆசிய நாடுகளின் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். இன்று பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிப் படிக்கிறார்கள்.

மூன்று மாதம் பள்ளி, ஒரு மாதம் வீடு

இந்தப் பிள்ளைகளின் தகப்பனார் ஒரு தேசத்தில் மருத்துவராக இருப்பார்; இன்னொருவர் வேறொரு தேசத்தின் எல்லைக் கிராமத்தில் போதகராக இருப்பார். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்வருவது நடக்காத காரியம். ஆகவே, மூன்று மாதம் படிப்பு, ஒரு மாதம் விடுமுறை என்று ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல், ஆகஸ்டு, டிசம்பர் மாதங்களில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.

மற்ற மாதங்களில்? சனி, ஞாயிறு வந்தால் விடுதியில் வீட்டு நினைவு வந்துவிடும். இரவில் தலையணையில் முகம் புதைத்து அழும் சிறு பிள்ளைகள் எந்த விடுதியிலும் உண்டு. அதனால்தான் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் விளையாட்டுப் போட்டி, நாடகம், பாட்டுக் கச்சேரி, விருந்து என்று ஏதாவது ஒன்று ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கேளிக்கை என்று நினைக்கலாம். வீட்டை விட்டுப் பிரிந்த பிள்ளைக்கு இது மருந்து.

எந்தக் கொடியைப் பிடிப்பது?

பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் 'பல பண்பாட்டு நாள்' என்று ஒரு விழா வழக்கமாக நடக்கும். ஒவ்வொருவரும் தங்கள் நாட்டு உடையை அணிந்து, கொடியேந்தி ஊர்வலம் வருவார்கள். தங்கள் நாட்டுப் பண்டங்களைச் சமைத்து வைப்பார்கள். கொரியாவின் கிம்ச்சி ஒரு மேஜையில் இருக்கும். கென்யாவின் உகாலி என்ற மக்காச்சோளக் களி இன்னொரு மேஜையில் இருக்கும்.

பார்க்க எளிதான விழா. ஆனால் ஏற்பாடு செய்பவருக்கு முதல் நாளே ஒரு சிக்கல் முளைக்கும். அமெரிக்கத் தாய்தகப்பனுக்குக் காங்கோவில் பிறந்து, கென்யாவில் படிக்கும் சிறுவன் எந்தக் கொடியைப் பிடிப்பான்? அமெரிக்கா அவனுக்குக் கடவுச்சீட்டில் இருக்கும் ஒரு பெயர். காங்கோவில் அவன் அந்நியன். "நீ எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் அவன் சற்று யோசித்துத்தான் பதில் சொல்கிறான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் பிறக்கக் காரணமாக இருந்தது நம் பாரத நாடுதான் என்பது பலருக்குத் தெரியாது! ரூத் ஹில் யூசிம் என்ற அமெரிக்கச் சமூகவியல் அம்மையாரும் அவருடைய கணவர் ஜான் யூசிமும், 1950-களில் இந்தியாவில் குடியிருந்த அமெரிக்கர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார்கள். பெற்றோரின் பண்பாடு ஒன்று. குடியிருக்கும் நாட்டின் பண்பாடு ஒன்று. இரண்டுக்கும் நடுவே, இடம்விட்டு இடம்போய் வாழ்பவர்களிடம் மூன்றாவதாக ஒன்று உருவாகிறது என்று அவர்கள் கண்டார்கள். அதில் வளரும் பிள்ளைகளுக்கு அம்மையார் அந்தப் பெயரைச் சூட்டினார்.

விஷயம் தெரிந்த அமைப்பாளர்கள் இப்போது "உன் நாட்டுக் கொடியைக் கொண்டு வா" என்று உத்தரவு போடுவதில்லை. "எந்தக் கொடியைப் பிடிக்க விருப்பம்?" என்று கேட்கிறார்கள். ஒருவனே இரண்டு கொடி பிடித்தாலும் தடையில்லை. விழாவுக்கு முன்னால் கேட்கும் இந்த ஒரு கேள்வியே ஒரு சிறுவனின் மனத்தில் வருஷக் கணக்காக இருந்த சங்கடத்தை இறக்கிவைத்துவிடும்.

பிரிவு விருந்து

அமெரிக்கப் பள்ளிகளில் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு நடன விழா நடத்துவது வழக்கம். மிஷனரிப் பள்ளிகள் பலவற்றில் நடனத்துக்குப் பதிலாக விருந்து வைக்கிறார்கள். பதினோராம் வகுப்பார் செலவு. பன்னிரண்டாம் வகுப்பார் விருந்தினர். பணம் பெற்றோரின் சட்டைப் பையிலிருந்து வரக்கூடாது என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். பலகாரம் சுட்டு விற்றும், கார் கழுவியும் மாணவர்களே சேர்ப்பார்கள். அலங்காரம் என்ன, நாடகம் என்ன என்பது கடைசி நிமிஷம் வரை பரம ரகசியம்!

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இதில் எவ்வளவு கற்றுக்கொள்கிறார்கள்! வரவு செலவு எழுத வேண்டும். நூறு பேருக்கு எத்தனை கிலோ அரிசி என்று கணக்குப் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு நண்பர்களை ஒரே ஏணியில் ஏற்றி வேலை வாங்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, இரவு 12 மணிக்கு எச்சில் தட்டுகளையும் கழுவ வேண்டும்.

ஆனால் இந்த விருந்தின் பலன் வேறொரு இடத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளியில் படித்து முடித்தவர்கள், பத்து வருஷம் கழித்துத் தேரோட்டத்திலாவது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கிஜாபே போன்ற இடத்தில் அதற்கு உறுதியில்லை. ஒருவன் சியோலுக்குப் போவான், ஒருத்தி கனடாவுக்குப் போவாள். பன்னிரண்டு வருஷம் பக்கத்துக் கட்டிலில் தூங்கியவர்கள் ஒரே வாரத்தில் நாலா திசையிலும் சிதறிப் போகிறார்கள். பள்ளியையும் ஊரையும் விளையாடிய மரத்தையும் ஒரே நாளில் இழக்கிறார்கள்.

இத்தகைய பிள்ளைகளைப் பற்றி ரூத் வான் ரீக்கன் அம்மையாருடன் சேர்ந்து 1999-ல் புத்தகம் எழுதிய டேவிட் பொல்லக் என்பவர், பிரிவைக் கடக்க ஒரு தெப்பம் வேண்டும் என்றார். அந்தத் தெப்பத்துக்கு நான்கு கட்டைகள். பிணக்கு இருந்தால் தீர்த்துக்கொள்வது ஒன்று. உதவியவர்களுக்கு வாய்விட்டு நன்றி சொல்வது இரண்டு. மனிதரிடம் மட்டுமல்லாமல் இடத்திடமும் முறையாக விடைபெறுவது மூன்று. போகும் இடத்தைப் பற்றி எண்ணிப் பார்த்து ஆயத்தமாவது நான்கு. நல்ல பிரிவு விருந்து இந்த நான்குக்கும் இடம் கொடுக்கிறது. சமையற்கட்டில் உழைத்தவர்களையும் காவற்காரரையும் மேடைக்கு அழைத்து மாணவர்கள் நன்றி சொல்வது வெறும் சடங்கல்ல. அது தெப்பத்தின் இரண்டாவது கட்டை!

எல்லைக்கு அப்பால்

இது பள்ளிக்குள்ளே நடப்பது. பள்ளியின் எல்லையைத் தாண்டினால்?

அங்கே கிக்குயு மக்களின் சிறு நிலங்கள் இருக்கின்றன. மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. அந்த மண்ணுக்குக் கசப்பான ஒரு ஞாபகமும் உண்டு. வெள்ளையர் ஆட்சியில் கிக்குயு மக்கள் பலர் தங்கள் நிலத்தை இழந்தார்கள். அந்தக் கோபத்தில் மூண்டதுதான் மாவ் மாவ் கிளர்ச்சி. 1953 மார்ச் 26-ந் தேதி இரவு, கிஜாபேக்கு அருகிலுள்ள லாரி என்ற ஊரில் அரசாங்கத்துக்கு ஆதரவானவர்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. 70-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பழிவாங்க அரசாங்கத் தரப்பார் கொன்றவர்களின் தொகை அதைவிடப் பெரியது. மலைமேல் இருந்த பள்ளி தப்பியது. ஆனாலும், அண்டை அயலில் மக்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாழ்வது எவ்வளவு அபாயம் என்பதை அந்த இரவு காட்டிவிட்டது.

1963 டிசம்பர் 12-ல் கென்யா சுதந்திரம் பெற்றது. புதிய தலைவர் ஜோமோ கென்யாட்டா, "ஹராம்பே!" என்ற கோஷத்தை நாட்டுக்குக் கொடுத்தார். "எல்லோரும் சேர்ந்து இழுப்போம்" என்று அதற்குப் பொருள். அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் ஊரார் காசும் உழைப்பும் போட்டு எத்தனையோ பள்ளிகளைக் கட்டினார்கள். தேர்வடத்தை ஊர் கூடி இழுப்பது போன்ற காரியம்.

இந்த 'ஹராம்பே' இருக்கும் நாட்டில் வெளியூர்ப் பிள்ளைகள் போய், "நீங்கள் எல்லோரும் தள்ளி நில்லுங்கள், நாங்கள் செய்து தருகிறோம்" என்றால் அது உதவியாகுமா? வடத்தில் தாமும் ஒரு கை வைப்பதுதான் உதவி. அதற்கு முதற்படி ஊரைக் கேட்பது.

ஊரைக் கேட்கும் முறை கென்யாவில் உண்டு. 'பராசா' என்று சொல்லப்படும் ஊர்க்கூட்டம் அது. அங்கே போய் உட்கார்ந்து காது கொடுத்தால் ஆச்சரியங்கள் காத்திருக்கும். மாணவர்கள் வகுப்பறைச் சுவருக்கு வர்ணம் பூச நினைத்து வந்திருப்பார்கள். ஊரார் கேட்பதோ, குழந்தைகள் நடந்துவரும் பாதையில் ஓடைக்குக் குறுக்கே ஒரு சிறு பாலம். வர்ணம் பூசினால் படம் அழகாக விழும். பாலம் கட்டினால் மழைக்காலத்தில் பிள்ளை ஓடையில் தவறி விழாது. எதைச் செய்வது என்பதை அங்கேயே தீர்மானித்தாக வேண்டும்.

நட்ட மரமா, பிழைத்த மரமா?

தொண்டு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது மரம் நடுதல். கிஜாபே மலைச்சரிவில் அது அலங்கார வேலை அல்ல. உயிர் போகும் விஷயம். 2024 ஏப்ரல் 29-ந் தேதி விடியுமுன், கனமழையில் ஒரு பழைய ரயில் பாதைக் கரையின் கீழிருந்த நீர்வழி மண்ணாலும் குப்பையாலும் அடைபட்டுப் போயிற்று. தேங்கிய வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு மாய் மாஹியு என்ற ஊரின் பக்கம் பாய்ந்தது. உறக்கத்தில் இருந்தவர்களில் 45-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மேலே சரிவில் மரம் இருந்தால் மண் நிற்கும், நீர் நிதானமாக இறங்கும். மரம் போனால் மண்ணும் நீரும் சேர்ந்தே இறங்கும்.

சரி, பிள்ளைகள் நூறு கன்றுகளைக் கொண்டுபோய் நட்டுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு? இங்கேதான் பள்ளிக் காலண்டர் குறுக்கே வருகிறது. கென்யாவின் பெருமழை மார்ச் முதல் மே வரை. சிறுமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நவம்பர் கடைசியில் கன்றுகளை நட்டால், டிசம்பரில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் வெயில் காயும். யார் தண்ணீர் ஊற்றுவது? ஆட்டிடமிருந்து யார் காப்பது? மார்ச் கடைசியில் நட்டால் ஏப்ரலில் பிள்ளைகள் இல்லாவிட்டாலும் மழை பார்த்துக்கொள்ளும். மே மாதம் திரும்பி வந்ததும் போய் எண்ணிப் பார்க்கலாம். இந்தக் கணக்கைச் சொல்லித்தரப் பேராசிரியர் தேவையில்லை. அந்தச் சரிவில் உழும் கிழவியைக் கேட்டால் போதும், சொல்லிவிடுவாள்.

கென்யாவின் புகழ்பெற்ற பெண்மணி வங்காரி மாத்தாய் 1977-ல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கியபோது ஒரு நல்ல விதி செய்தார். கிராமத்துப் பெண்கள் நாற்று வளர்த்து நடுவார்கள். அவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கப்படும். ஆனால் நட்ட கன்றுக்கெல்லாம் அல்ல, பிழைத்த கன்றுக்குத்தான்! 2004-ல் நோபல் சமாதானப் பரிசு அவரைத் தேடி வந்தது. பள்ளிகள் தங்கள் தொண்டு அறிக்கையில் "நட்டவை இத்தனை" என்று எழுதாமல் "பிழைத்தவை இத்தனை" என்று எழுதத் தொடங்கினால், பல காரியங்கள் தாமாகவே சீர்படும்.

யாருக்காக இந்தப் பயணம்?

ரிஃப்ட் வேலி அகாடமியில் மேல்வகுப்பு மாணவர்களுக்கு 'இன்டரிம்' என்ற வெளிப்பயணம் உண்டு. கடற்கரைக்கோ மலைக்கோ தொலைவிலுள்ள ஊருக்கோ குழுக்களாகப் போவார்கள். வேறு நாடுகளிலுள்ள சர்வதேசப் பள்ளிகளிலும் இதுபோன்ற பயண வாரங்கள் இருக்கின்றன. அவற்றில் தொண்டுப் பயணமும் சேரும்.

முன்பெல்லாம் இத்தகைய பயணம் என்றால் அநாதை இல்லத்துக்குப் போவது என்று ஆகிவிட்டிருந்தது. போகிறவர்களின் மனம் நல்ல மனந்தான். பாட்டுப் பாடுவார்கள், பந்து விளையாடுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் வண்டி ஏறிவிடுவார்கள். அங்கிருக்கும் குழந்தையோ, கழுத்தைக் கட்டிக்கொண்ட அக்காவைத் தேடி அழும். அடுத்த மாதம் வேறொரு அக்கா வருவாள், அவளும் போய்விடுவாள். நட்பு வைத்தவர்கள் எல்லோரும் பிரிந்து போவார்கள் என்பதுதான் அந்தக் குழந்தை கற்கும் பாடம். பிரிவின் வலி தெரிந்த விடுதிப் பிள்ளைகளே அறியாமல் இன்னொரு குழந்தைக்கு அதே வலியைக் கொடுத்துவிடுகிறார்கள்!

இன்னொரு உண்மையும் இருக்கிறது. உலகில் அத்தகைய இல்லங்களில் வாழும் குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள் என்று 'சேவ் தி சில்ரன்' அமைப்பு 2009-ல் எடுத்துச் சொன்னது. வறுமைதான் அவர்களை வீட்டிலிருந்து பிரித்தது. அப்படியானால் மிட்டாய்க்குச் செலவாகும் காசு எங்கே போக வேண்டும்? குழந்தை தன் வீட்டிலேயே வளர உதவியாக அந்தக் குடும்பத்துக்கல்லவா போக வேண்டும்!

விவரம் அறிந்த பள்ளிகள் இப்போது வழியை மாற்றிக்கொள்கின்றன. வருஷத்துக்கொரு புதிய ஊரைத் தேடாமல், பக்கத்திலிருக்கும் ஒரே இடத்தோடு பல வருஷம் உறவு வைத்துக்கொள்கின்றன. கிஜாபேயில் அதற்குத் தூரம் போக வேண்டியதே இல்லை. மிஷன் மருத்துவமனை அடுத்தாற்போல் இருக்கிறது. ஊனமுற்ற குழந்தைகளின் எலும்புச் சிகிச்சைக்கென்று 1998-ல் தொடங்கப்பட்ட ஆஸ்பத்திரியும் அங்கேயே இருக்கிறது. கோணிய பாதத்துக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் குழந்தைக்கு, ஒரு மணி நேரம் யாராவது கதை சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அங்கேயும் விதி உண்டு. நர்ஸம்மா சொன்ன நேரத்தில்தான் போகலாம். தாயின் சம்மதமில்லாமல் படம் பிடிக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் இல்லாமல் குழந்தையுடன் தனித்திருக்கக் கூடாது. "வருகிறோம்" என்று சொன்ன நாளில் வராமல் இருக்கவும் கூடாது.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கம்

ஏற்பாடு செய்பவரின் குறிப்பேட்டில் வழக்கமாக என்ன இருக்கும்? வண்டி, சாப்பாடு, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, பெற்றோர் அனுமதிச் சீட்டு, பணம் யார் கையில் என்பது. எல்லாம் அவசியந்தான். ஒன்று தவறினாலும் நாள் கெட்டுவிடும்.

அவற்றோடு மூன்று கேள்விகளையும் எழுதிக்கொள்வது நல்லது. இதை வேண்டும் என்று கேட்டது யார்? அவர்களும் நம்மோடு சேர்ந்து உழைக்கிறார்களா? நாம் விடுமுறைக்குப் போன பிறகு இதைக் கவனிப்பது யார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் வண்டியைக் கிளப்பலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு தடவை பராசாவுக்குப் போய் உட்காருவதே நலம்.

வருஷக் கடைசியில் பிள்ளைகள் கிஜாபேயை விட்டுப் புறப்படுவார்கள். மலைச்சரிவுக் கிராமத்தார் அங்கேயே இருப்பார்கள், மரங்களும் இருக்கும். எங்கோ தொலைதூரத்து நகரத்தில் வேலை பார்க்கப் போகும் அந்தப் பிள்ளைகள், கற்ற பாடங்களில் பாதியை மறந்துவிடக் கூடும். பிறர் வாசலில் ஒரு கணம் நின்று "ஹோடி" என்று கேட்கும் பழக்கம் மட்டும் கூடவே போகுமானால், அந்தப் பள்ளிக்கூடம் நாட்டிய மூலைக்கல் வீணாகவில்லை.